ஒரே தாளில் இரண்டு பெயர்

இதில் யாருடைய ஊரையும் நான் சொல்லப்போவதில்லை. கதைக்குரிய ஆட்களின் பெயர்கள் இரண்டே இரண்டுதான் வரும். அவையும் கிருஷ்ணகிரித் தாலுகாவில் சந்தைக்குச் சந்தை பத்துப் பேராவது வைத்திருந்த பெயர்கள். அவற்றை வைத்து யாரையும் கண்டுபிடித்துவிட முடியாது. அந்த நாளிலேயே இந்த வாயடக்கம் எனக்கு இருந்திருந்தால், இதை எழுதுகிற வேலையே எனக்கு வந்திருக்காது.

ஐம்பதுகளின் பின்பாதியில் நான் கிருஷ்ணகிரி ரிஜிஸ்தர் ஆபீஸில் நகல் குமாஸ்தா. எங்களுக்கு மத்தூர்ப் பக்கம் கேழ்வரகும் கொள்ளும் விளைகிற காடு. வீட்டில் முதன்முதலாக ஏர் பிடிக்காமல் பேனா பிடித்தவன் நான்தான். என் வேலை இதுதான்: பதிவுக்கு வருகிற பத்திரத்தைப் பெரிய புத்தகத்தில் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி வைக்க வேண்டும். பத்திரத்தில் தப்பு இருந்தால் அந்தத் தப்போடு எழுத வேண்டும். 'கிழக்கு' என்பதைக் 'கிழங்கு' என்று எழுதியிருந்தாலும் கிழங்குதான். அந்த வேலையில் புத்திக்கு இடமே கிடையாது. எனக்கோ அப்போது புத்தி கொஞ்சம் அதிகமாகவே இருப்பதாக நினைப்பு.

ஆபீஸ் வளாகத்தில் எனக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் பத்திர எழுத்தர், என் வயதுதான். ஒரு சாய்வு மேசையைப் புளியமரத்தடியில் போட்டுக்கொண்டு நாளெல்லாம் எழுதுவார். கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் பூசை முடிந்த பிறகு பங்குச் சாமியாருக்கு ஞானஸ்நானப் பதிவேடு எழுதிக் கொடுப்பார். அந்தப் பதிவேட்டில் பெயர்களை எல்லாம் லத்தீனில் எழுத வேண்டுமாம். அதனால் எந்தத் தமிழ்ப் பெயருக்கு எது மூலம் என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது. இன்னொருவர் முத்திரைத்தாள் விற்கிற வெண்டர். எங்களைவிடப் பத்து வயது பெரியவர், எல்லோருக்கும் பாய். சின்ன வயதில் ஆறேழு வருஷம் அரபி படித்தவர். மௌல்வியாகப் போக வேண்டியவர், குடும்பக் கஷ்டத்தில் வெண்டராகிவிட்டார். அந்த ஏக்கம் அவருக்கு இருந்தது; அரபியைப் பற்றி யாராவது கேட்டால் போதும், கடையை மறந்துவிடுவார்.

நாங்கள் மூவரும் ஒரு விளையாட்டு விளையாடினோம். அதற்கு 'ஜோடி' என்று பெயர் வைத்திருந்தோம்.

அது தொடங்கியது ஒரு கிரயப் பத்திரத்தில். விற்கிறவர் தாவூது, வாங்குகிறவர் தாவீது. பத்திர எழுத்தர் அதை எழுதி முடித்துவிட்டு, "பாய், ஒங்காளும் எங்காளும் ஒரே பேரு வெச்சுக்கினு ஒரே காட்டுக்குக் கையெழுத்துப் போடறாங்க" என்றார். பாய் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து ஜோடி கொண்டு வருகிறவருக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தருவது பழக்கமாகிவிட்டது. இந்தப் பக்கம் இபுராகிம், அந்தப் பக்கம் ஆபிரகாம். இந்தப் பக்கம் யாகூபு, அந்தப் பக்கம் யாகப்பன். சந்தியாகுவும் யாகூபுதான் என்று ஒரு நாள் எழுத்தர் நிரூபித்தபோது பாயும் நானும் ஒத்துக்கொள்ளவே இல்லை. 'சாந்த்' என்றால் புனிதர், 'யாகு' என்றால் யாக்கோபு, இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள் என்று அவர் சாமியாரிடம் கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் டீ கிடைத்தது.

பாய் சொல்லித்தான் எனக்கு அந்த மூன்றெழுத்துச் சங்கதி தெரிந்தது. அரபியில் ஒரு சொல்லைப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் மூன்று மெய்யெழுத்து மிஞ்சுமாம். ஸ, ல, ம என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு சலாம், சலீம், சல்மா, சுலைமான் என்று வரிசையாகச் சொன்னார். எழுத்தர் உடனே, எபிரேயத்திலும் சமாதானத்துக்கு ஷாலோம் என்றுதான் பேர், எங்கள் சாலமோன் அதில் வந்தவர்தான் என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ பங்காளி வீட்டுப் பழைய பாத்திரத்தில் தங்கள் வீட்டுப் பெயரும் வெட்டியிருப்பதைக் கண்டவர்களைப்போல அப்படி ஒரு சந்தோஷம் அவர்களுக்கு. அன்னாள், ஹன்னா, யோவானுக்குத் தமிழில் வைத்த அருளப்பன் எல்லாம் 'அருள்' என்ற ஒரே வேரில் வந்தவை என்று தெரிந்த நாளில் மூன்று பேருக்குமே வேலை ஓடவில்லை. ரிஜிஸ்தரார் ஐயா ஜன்னல் வழியாக இரண்டு தடவை இருமினார்.

இதில் எனக்குத்தான் வருத்தம். அவர்களுக்குக் கொண்டு வந்து போட ஆளாளுக்கு ஒரு மூட்டைப் பெயர் இருந்தது. எனக்கு எங்கள் ஊர் முனியப்பனையும் சின்னப்பையனையும் எந்தப் பக்கம் சேர்ப்பது என்றே தெரியவில்லை. ஒரு தடவை மரியம், மரியாள், மாரியம்மா என்று மூன்றையும் சேர்த்து ஒரே வேர் என்று அடித்துப் பார்த்தேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மாரின்னா மழை குமாஸ்தா. ஒரு கால் எடுத்துட்டா சொந்தமாயிடுமா?" என்றார் பாய். வாரக்கணக்கில் அதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்தார்கள். நான் சிரித்தேன், உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது. எப்படியாவது ஒரு தடவை இவர்கள் வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு ஜோடி கொண்டு வர வேண்டும் என்று மனதில் கறுவிக்கொண்டேன்.

விளையாட்டுக்குச் சட்டம் ஒன்று உண்டு. சும்மா வாயால் சொல்கிற ஜோடி செல்லாது. இரண்டு பெயரும் ஒரே தாளில் வந்திருக்க வேண்டும். என்ன பத்திரம், எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லி டீ குடிப்பதைத் தடுக்க நாங்கள் மூவரும் சேர்ந்து போட்ட சட்டம் அது. கிரயப் பத்திரத்தில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. யார் வந்து கேட்டாலும் பார்க்கக்கூடிய தாள்தானே.

யூசுப்பும் சூசையும் ஒன்று என்பது என் கட்சி. அதை அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பாய் முக்கியமாக. ஒரு எழுத்தும் ஒட்டவில்லையே என்பார். நான் முதலில் ஓசூர் ஆபீஸில் வேலை பார்த்தவன். அங்கே பத்திரம் தெலுங்கில் வரும், கன்னடத்தில் வரும், தமிழில் வரும். எழுதுகிறவன் வாய்க்கு எது வசதியோ அப்படிப் பெயர் உருமாறும். கன்னடக்காரக் கத்தோலிக்கர் ஜோஜப்பா என்று எழுதுவார். கெலமங்கலம் பக்கத்து முஸ்லிம்கள் இசுப்பு என்று எழுதுவார்கள். ஜோஜப்பா, ஜோசப், யோசேப்பு, யூசுப், இசுப்பு என்று ஒரே ஆள் சட்டை மாற்றிக்கொண்டு போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சூசை எப்படி அதில் வந்தது என்பதற்கு எழுத்தரே வழி சொன்னார்: போர்த்துக்கீசியச் சாமியார்கள் 'ஜுஸே' என்று சொன்னது நம் வாயில் சூசையாகிவிட்டதாம். அந்தப் பெயருக்குக் 'கூட்டித் தருவார்' என்று அர்த்தம் என்றும் சொன்னார். ஒரு பிள்ளை பெற்றவள் இன்னொன்றும் கூட்டிக் கொடு என்று கேட்டு வைத்த பேராம். நான் அதை என் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன். "அதெல்லாம் சரி, ஒரே தாள்ல காட்டு, ஒத்துக்கறேன்" என்று பாய் முடித்துவிட்டார்.

ஒரே தாளில் அது வந்தது.

புதிதாக வந்திருந்த கல்யாணச் சட்டத்தைப் பற்றி எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதற்காக யாரும் வந்ததில்லை. வேறு வேறு மதத்துக்காரர்கள் தங்கள் மதத்தை விடாமலே கல்யாணம் செய்துகொள்ளலாம். முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை ஆபீஸ் பலகையில் முப்பது நாள் ஒட்டி வைக்க வேண்டும். யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் மூன்று சாட்சிகளோடு வந்து கையெழுத்துப் போடலாம். மூன்று மாதத்துக்குள் போடாவிட்டால் நோட்டீஸ் செத்துப்போகும்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் இருவர் வந்தார்கள். பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ரோட்டோரம் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். விரல் இடுக்கில் கிரீஸ் போகாத கை. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். அந்தப் பெண் ஆரம்பப் பள்ளிக்கூட டீச்சர். தினமும் அவள் போகிற பஸ் ஒரு நாள் அந்தப் பட்டறை வாசலில் நின்றுபோனது, அதிலிருந்து பழக்கம் என்று ரிஜிஸ்தரார் கேட்காமலேயே பையன் சொன்னான். எங்கள் ரிஜிஸ்தரார் சட்டம் தெரிந்த மனிதர். முகம் சுளிக்காமல் இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். நோட்டீஸ் எழுத என்னைக் கூப்பிட்டார்.

பெயர் கேட்டேன். "யூசுப்" என்றான் அவன். "சூசையம்மாள்" என்றாள் அவள்.

என் பேனா நின்றுவிட்டது. ஏதாவது தப்பா என்று இருவரும் பயந்து பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான், தெரியுமா?" என்றேன். தெரியாது என்றார்கள். ஜோஜப்பாவிலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னேன். கூட்டித் தருவார் என்ற அர்த்தத்தையும் சொன்னேன். அவன் அவளைப் பார்த்தான். "அப்படின்னா நாங்க ஒரே பேர்தாங்களா சார்?" என்று இன்னொரு தடவை கேட்டான். அவள் சூசை, யூசுப் என்று இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவ்வளவு நேரம் இறுகிப்போய் இருந்த முகம் அப்போதுதான் இளகியது. என் வாழ்க்கையில் நான் படித்த படிப்பு ஒருவருக்கு உபயோகப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் கேட்டாள்: "இத வெளியில ஒட்டுவீங்களா சார்?"

"ஒட்டணும்மா. சட்டம் அது."

"எங்க வீட்டுல தெரிஞ்சா தாங்கமாட்டாங்க. ஒரு மாசம் தெரியாம இருந்தா போதும்."

"நம்ம பலகையை யாரும்மா படிக்கறாங்க?" என்றேன்.

"நீங்க ஒருத்தர் படிக்கறீங்களே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் வெறும் கெட்டவன் என்று எளிதாக முடிந்துவிடும். பலகையில் ஏல நோட்டீஸ் ஒன்று பழுத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல்முனை இரண்டையும் பிரித்து, இவர்கள் நோட்டீஸின் நகலை அடியில் வைத்து, ஏல நோட்டீஸை அதன்மேல் பாதி மறைகிற மாதிரி ஒட்டினேன். பலகையில் இருக்கிறது என்றால் இருக்கிறது. தேடுகிறவனுக்குத்தான் கிடைக்கும். ரிஜிஸ்தரார் அதைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

அன்றோடு நின்றிருந்தால் நானும் நல்லவனாகவே இருந்திருப்பேன். மூன்று நாள் தாங்கினேன். நான்காம் நாள் யாகூபு, யாகப்பன் இருவரும் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சாட்சியாக வந்துவிட்டார்கள். எழுத்தர் டீ ஜெயித்தார். டீக்கடையில் நின்றுகொண்டு, "குமாஸ்தாவுக்கு இந்த ஜென்மத்துல ஜோடி கெடைக்காது. மாரியம்மாளையே கட்டிக்கினு அழ வேண்டியதுதான்" என்றார். பாய் சிரித்தார். டீ போடுகிறவரும் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "எனக்கு வந்திருக்கிற ஜோடி ஒங்க ரெண்டு பேருக்கும் ஏழு ஜென்மத்துக்கும் வராது" என்றேன். "யூசுப், சூசை. ஒரே தாளு."

பாய் நம்பவில்லை. "என்னா பத்திரம்?" என்றார்.

"பத்திரத்துக்கெல்லாம் மேல. ஜோடின்னா நெஜமான ஜோடி. கல்யாண நோட்டீஸு."

இரண்டு பேருக்கும் வாய் பிளந்தது. நான் ஆசைப்பட்டபடியே பிளந்தது. எழுத்தர் என் தோளில் தட்டி, "ஜெயிச்சிட்டய்யா" என்று உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார். பிறகு சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்: "எந்த ஊரு?"

பாய் அந்த நேரத்தில் என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொல்லாதே என்பதுதான் அது. எனக்கு அது புரியாமல் இல்லை. புரிந்தது, ஆனால் ஊரைச் சொல்லாவிட்டால் ஜோடி செல்லாது. சொன்னேன். பெண்ணின் ஊரையும் சொன்னேன், டீச்சர் என்பதையும் சொன்னேன்.

எழுத்தர் டம்ளரைக் கீழே வைத்தார். "பொண்ணுக்கு அப்பன் பேரு என்ன போட்டிருக்கு?" என்றார். குரல் மாறிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன். அப்போது மூடி என்ன பிரயோஜனம்? அந்த ஊரில் அந்தப் பெயரில் ஒரே டீச்சர்தானே இருந்திருப்பாள். அவர் எனக்கு டீ சொல்லிவிட்டு, தான் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜெயித்தவனுக்கு வந்த டீயை நான் குடித்தேன். என் நோட்டை எடுத்து யூசுப், சூசை என்று எழுதி, பக்கத்தில் நீலப் பென்சிலால் சரி என்று ஒரு கோடும் போட்டேன். நம் ஆள்தானே, சொல்ல மாட்டார் என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் புளியமரத்தடியில் மேசை மட்டும்தான் இருந்தது. இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவரிடம் நேராகவே போய், "சொல்லிட்டியாய்யா?" என்றேன்.

அவர் ஒளிக்கவில்லை. "அந்தப் பொண்ணோட அப்பாதான் எனக்கு ஞானத்தகப்பன். என்னைத் தூக்கிக்கினு போயி ஞானஸ்நானம் வாங்கிக் குடுத்தவரு. தெரிஞ்சிக்கினே நாளைக்கு அவரு மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? தெரியாம இருந்திருந்தா நானும் நிம்மதியா இருந்திருப்பேன். ஒன்ன யாருய்யா சொல்லச் சொன்னது?"

"நீதான கேட்ட, எந்த ஊருன்னு?"

"நான் டீக்குக் கேட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "பேசி நிறுத்துவாங்கன்னுதான் நெனச்சேன். ராத்திரியோட ராத்திரியா தங்கவயலுக்குக் கூட்டிக்கினு போயிட்டாங்க. அங்க சுரங்கத்துல வேலை பாக்கற சொந்தக்காரப் பையனாம். அடுத்த வாரம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கறாங்க."

எல்லை தாண்டிக் கோலார் தங்கவயல். அங்கிருந்து அவள் திரும்பி வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், அது நிற்கவில்லை. அவர் ஒரு தகப்பனுக்குப் பிள்ளை செய்ய வேண்டியது என்று நினைத்ததைச் செய்தார். நான் எதற்காகச் செய்தேன்? கிண்டல் பொறுக்காமல், ஒரு டீக்காக.

அந்தப் பையனுக்கு அப்போது விஷயம் தெரிந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் லீவில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பியிருக்கிறான். முப்பது நாள் முடிந்த மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட பேண்டு, மூன்று சாட்சிகள் என்று வந்துவிட்டான். சாட்சிகள் மூவரும் பட்டறைக்காரர்கள். கைகளை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தான். எவ்வளவு தேய்த்திருக்கிறான் என்பது தோல் சிவந்திருந்ததில் தெரிந்தது. பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போனான். நான் குனிந்த தலை நிமிராமல் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எழுதிய பக்கத்தில் ஒரு சர்வே நம்பரை இரண்டு தடவை எழுதிவிட்டேன். என் புத்தகத்தில் வந்த முதல் அடித்தல் அதுதான்.

நான்கு மணிக்கு ரிஜிஸ்தரார் அவனைக் கூப்பிட்டு, "மூணு மாசம் டைம் இருக்குப்பா, அவசரமில்ல" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவன் போனான்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தான். முதல் தடவை சாட்சிகளில் ஒருவர் குறைந்தார், அடுத்த தடவை சாட்சி யாருமே வரவில்லை. எங்கள் விளையாட்டும் இதோடு போயிற்று. எழுத்தர் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். பத்திரத்தில் ஒரு நாள் சுலைமானும் சாலமோனும் சேர்ந்தே வந்தார்கள். நான் நகல் எழுதினேன், புத்தகத்தை மூடினேன்.

பாய் என்னிடம் அதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு தடவைதான். முத்திரைத்தாள் கட்டை எண்ணிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒன் நோட்டுல 'கூட்டித் தருவார்'னு எழுதி வெச்சிருக்கல்ல? எங்க அரபிக்காரங்க காதுல அந்தப் பேரு இன்னொரு மாதிரியும் கேக்கும். அஸஃப்னு ஒரு சொல்லு. யூசுப்புல இருக்கற அதே ஓசை. ஒரே வேருன்னு நான் சொல்லமாட்டேன், காதுல அப்படி விழும். கையவிட்டுப் போனத நெனச்சு நெனச்சு நோகறதுக்கு அதான் சொல்லு. எங்க வேதத்துல அந்தப் பேருக்காரப் புள்ளையப் பறிகொடுத்த அப்பா யாகூபு நபி, அந்தச் சொல்லையும் அந்தப் பேரையும் சேத்துச் சொல்லித்தான் அழுதாரு."

எண்ணி முடித்த கட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"அதையும் எழுதிக்க" என்றார்.

எழுதிக்கொள்ளவில்லை. எழுதாமலேயே அது மறக்கவில்லை. ஒரு பெயரை இரண்டு பக்கத்திலிருந்தும் தோண்டிக்கொண்டு போனவன் நான். ஒரு பக்கம் கூட்டுவது, ஒரு பக்கம் பறிகொடுத்து நோவது. முதல் அர்த்தத்தை அவர்கள் இருவருக்கும் என் வாயாலேயே சொன்னேன். அடுத்த அர்த்தத்தை அவனுக்குச் செய்தே காட்டிவிட்டேன்.

மூன்று மாதக் கெடு முடிகிற நாளில் அவன் கடைசியாக வந்தான். அதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆனது அவனுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. தங்கவயல் வரைக்கும் போய்க் கோயில் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தான். அன்றைக்கு எதற்கு வந்தான் என்றால், அந்த நோட்டீஸைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்க வந்தான். அதில் அவள் கையெழுத்து இருக்கிறதாம். சர்க்கார் தாள், கொடுக்க முடியாது என்று ரிஜிஸ்தரார் சொன்னார். அவளுடைய கையெழுத்து நோட்டீஸ் புத்தகத்தில்தான் இருந்தது. அதை வேண்டுமானால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டு அவரே எழுந்து வெளியே போனார். நான் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். டீச்சர் கையெழுத்து, குண்டுகுண்டாக, ஒரு புள்ளி விடாமல் இருந்தது. அவன் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போதும் சார் என்றான்.

வாசலுக்கு அவனோடு நானும் வந்தேன். இப்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

"ஒரு டீ சாப்பிடலாம், வாங்க சார்" என்றான் அவன்.

அதே கடைதான். வேறு கடை அந்தப் பக்கம் கிடையாது. அவன் இரண்டு டீ சொன்னான்.

"அவங்க வீட்டுக்கு எப்படித் தெரிஞ்சிதுன்னே தெரியல சார். நாங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லல" என்றான். "ஒங்க பலகையில பாத்திருப்பாங்களோன்னு மொதல்ல நெனச்சேன். வந்து பாத்தேன். நீங்க அந்த ஏல நோட்டீசுக்கு அடியில மறைச்சி ஒட்டியிருந்தீங்க. அதப் பாத்ததுக்கப்பறம் அப்படி நெனச்சதே தப்புன்னு ஆயிடுச்சி." டம்ளரை வாங்கி முதலில் எனக்குக் கொடுத்தான். "அன்னிக்கு பஸ்ஸுல போறப்ப அவ ஒங்களப் பத்தித்தான் பேசிக்கினு வந்தா. நமக்கு ஒரே பேருன்னு சொன்னாரே, அவரு நல்லவருன்னா. எங்களுக்குன்னு நல்ல வார்த்தை சொன்னவரு நீங்க ஒருத்தர்தான் சார்."

சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. "யாராவது பாத்திருப்பாங்கப்பா" என்றேன்.

"ஆமாங்க சார்" என்றான்.

டீ போடுகிறவருக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கு நான் ஊர்ப் பெயரைச் சொன்னபோது அவரும் அங்கேதானே நின்றார். துணியால் கடைப் பலகையைத் துடைத்தபடி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எனக்கு வாங்கிக் கொடுத்த டீயை நான் முழுவதும் குடித்தேன்.